கதவுக்குள் ஒளிந்திருக்கும் காந்தம்



காந்தப் பாடத்திற்காகப் பழுதான குளிர்பதனப் பெட்டியொன்றின் கதவு விளிம்பிலிருந்த நாடாவை உருவி வகுப்பிற்குக் கொண்டு சென்றிருந்தேன. அதனுள்ளே வளையக்கூடிய கரும்பட்டை ஒன்று இருந்தது. மாணவர்கள் காகிதக் கவ்விகளை அதில் ஒட்டி மகிழ்ந்தனர். "கதவுக்குக் காந்தம் எதற்கு ஐயா? கொண்டி போதாதா?" என்றான் ஒருவன். அவனுக்குச் சொன்ன விடையின் விரிவே இப்பதிவு.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு மின்சாரம் பிந்தியே வந்தது. துரை பங்களாவில் மண்ணெண்ணெயால் இயங்கிய பெட்டியை எட்டி நின்று பார்த்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அக்காலப் பெட்டிகளின் கதவைக் கனத்த உலோகக் கொண்டியே இறுக்கிப் பிடித்தது. உள்ளேயிருந்து திறக்க வழியில்லை.

அந்த வசதியே எமனாயிற்று. அமெரிக்காவில், வீசியெறியப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தனர். காற்று புகாத சுவர்கள் குரலையும் வெளியே விடவில்லை. 1956 ஆகஸ்டில் அந்நாடு சட்டம் இயற்றியது. 1958 அக்டோபர் இறுதிக்குப் பின் செய்யப்படும் வீட்டுப் பெட்டிகள் உள்ளிருந்து திறக்கக்கூடியவையாக இருத்தல் வேண்டும் என்றது. காந்தம் என்ற சொல் அதில் இல்லை.

எத்தகைய திறப்பைக் குழந்தையால் இயக்க முடியும்? இதை அறிய 2 முதல் 5 வயது வரையிலான 201 குழந்தைகளைக் கொண்டு சோதனை நடத்தினர். முடிவுகள் 1958இல் வெளியாயின. பெட்டி போன்ற அடைப்பில் விடப்பட்டவர்களுள் 24 விழுக்காட்டினர் வெளியேற ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை. ஐந்து வயதினரில் பாதிப்பேர் குரலே எழுப்பவில்லை. பற்றக்கூடிய பொருளைக் கண்டபோது 40 விழுக்காட்டினர் அதைக் கதவுக் குமிழ் போலத் திருகினர். தள்ளினால் திறக்கும் அமைப்பில் 61 விழுக்காட்டினர் தள்ளினர். இன்னொன்று: பெற்றோர் படித்த ஆண்டுகள் குறைவாக இருந்த குழந்தைகளே கூடுதலாக வெளியேறினராம்! தோட்டப் பிள்ளைகளைப் பெற்றோரின் படிப்பைக் கொண்டு எடைபோடுவோர் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

கொண்டியின் இடத்தில் காந்தம் அமர்ந்தது இவ்வாறே. 1950களின் தொடக்கத்தில் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடம் உருவாக்கிய பேரியம் ஃபெரைட், இரும்பு ஆக்சைடிலிருந்து மலிவாகக் கிடைத்தது. அதைத் தூளாக்கி நெகிழியிலோ ரப்பரிலோ கலந்தால் வளையும் பட்டை கிடைக்கும். நம் பால்மரத்திற்கு இதில் பங்குண்டா எனக் கேட்பீர்கள். பெரும்பாலும் செயற்கைப் பொருள்களே பயன்படுகின்றன, பெருமைகொள்ள இடமில்லை. பட்டையின் ஒரே முகத்தில் வட, தென் துருவங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். ஆதலால் ஒட்டியிருக்கும்போது பிடி வலிமையாகவும், சிறிது விலகியதும் மிகக் குறைவாகவும் இருக்கும். கதவு சுற்றிலும் காற்றுப் புகாமல் மூடுகிறது. ஆயினும் சிறு கை தள்ளினால் விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்க விதி அனுமதித்த விசை 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, பழைய பொருள்கள் பல லயங்களின் பின்புறமே கிடந்தன. காந்தக் கதவாயினும், முன்னே மரமோ சுவரோ தடுத்தால் திறவாது. பூட்டுள்ள உறைபெட்டிகளும் இன்றும் உள்ளன. ஆகவே, பெட்டியை வெளியே போடுமுன் கதவைக் கழற்றிவிடச் சொல்லி மாணவர்களிடம் குறிப்பெழுதி வீட்டிற்கு அனுப்பினேன்.

அந்தக் கரும்பட்டை இப்போது வகுப்பின் இரும்பு அலமாரியில் கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.