ஓட்டை விழுந்த மரக்கலமும் ஒகேனக்கல் பரிசலும்

மூஸா (அலை), கிழ்ரு (அலை) ஆகிய இருவரும் ஏறிச் சென்ற மரக்கலத்தின் வரலாறு திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வருகிறது. நம் இல்லங்களில் அதனை அறியாதார் இலர். பழுதற்ற கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசனிடமிருந்து ஏழையரின் கலத்தைக் காக்கவே கிழ்ரு (அலை) அவர்கள் அதில் ஓட்டையிட்டார்கள். அந்த ஓட்டை பின்னர் எவ்வாறு அடைபட்டது என்று கேட்போர் மட்டும் சிலரே. ஸஹீஹுல் புகாரியின் தஃப்ஸீர்ப் பகுதியில் இதற்கு இரு கூற்றுகள் உள. குப்பியால் அடைத்தனர் என்பது ஒன்று. 'கார்' கொண்டு அடைத்தனர் என்பது மற்றொன்று. 'கார்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கீல், அதாவது தார், என்று பொருள். (தமிழிலும் கார் என்றால் கருமை, இப்பொருத்தம் தற்செயலே.) நமக்குப் பின்னைய கூற்றே ஏற்புடையதாகப் படுகிறது.

அவ்வேலையைத் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கலில் இன்றும் காணலாம். காவிரியில் ஓடும் பரிசலுக்குப் பாயுமில்லை, ஆணியுமில்லை. அது மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த வட்டக் கூடை. முன்னாளில் அதற்குத் தோல் போர்த்தினர். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியரான டோமிங்கோ பாயஸ் கண்டெழுதியதும் தோற்பரிசலே. இன்றோ பிளாஸ்டிக் விரிப்பின்மேல் தாரை உருக்கிப் பூசுகின்றனர். பக்தாதில் டைக்ரீஸ் நதியைக் கடக்க உதவிய வட்டப் படகிற்குக் 'குஃப்பா' என்று பெயர். அரபியில் அதற்கும் கூடையென்றே பொருள். அதன் மேற்பூச்சும் கீல்தான்.

பாறையில் உரசிப் பூச்சுத் தேயும், வெயிலில் வெடிக்கும். நீர் கசிந்தால் உள்ளிருந்து அடைப்பது வீண், வெளிநீரின் அழுத்தம் அதனைப் பெயர்த்துவிடும். புறத்தே பூசினாலோ அதே அழுத்தம் பூச்சை மூங்கிலோடு இறுக்கும். ஆகவே பரிசலைக் கவிழ்த்து, நன்கு உலர்த்தி, பிறகே தார் பூச வேண்டும். ஈரத்தில் தார் பற்றாது. உலரும் நாள் பரிசலோட்டிக்குக் கூலியற்ற நாள்.

1183இல் செங்கடலைக் கடந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த கலங்களைக் கண்டார். அவற்றுக்குச் சுறா எண்ணெய் பூசினர் என்றும், கடற்பாறையில் மோதினாலும் மரம் இளகிக் கொடுக்கவே அவ்வாறு செய்தனர் என்றும் எழுதினார். பாறை நிறைந்த காவிரியில் மூங்கில் வளைந்து கொடுப்பதும் அவ்வாறே.

இனி ஒரு சட்ட நுணுக்கம். அக்கலத்துக்கு உரியோரைத் திருமறை 'மிஸ்கீன்கள்' என்றே குறிக்கிறது. உழைக்கக் கலமிருந்தும் ஒருவர் மிஸ்கீனாக இருக்கலாம் என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர்கள் இவ்வசனத்தையே ஆதாரமாகக் கொண்டனர். ஜக்காத்து பெறுவோரில் மிஸ்கீனும் ஒருவர். காவிரியில் வெள்ளம் பெருகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை விதிக்கிறது. அந்நாட்களில் பழுதற்ற பரிசல்களும் கரையிலேயே கவிழ்ந்து கிடக்கின்றன.