பதினாறு நூல்களிலிருந்து ஒரு கேள்வி வரை: தமிழ் வேதாந்தத்தில் மன அமைதியின் வரலாறு

முன்னுரை

மன அமைதிக்கு வேதாந்தம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரமண மகரிஷியும் அவருடைய ‘நான் யார்?’ என்னும் சிறுநூலும்தான். 1896ஆம் ஆண்டு ஜூலையில், பதினாறு வயதில், மதுரையில் ஒரு வீட்டு மாடியறையில் அவருக்கு நேர்ந்த மரண அனுபவத்தின் நேரடி விளைவாகவே அந்நூலைப் பெரும்பாலோர் படிக்கிறார்கள். அனுபவம் அவருடையது; அதற்கு முன்பு அவர் வேதாந்த நூல் எதையும் கற்றிருக்கவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்லக் கிடைத்த சொற்களும் முறையும் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தமிழில் உருவாகி வந்தவை. பாட்டாகத் தொடங்கி, குரு சீட உரையாடலாகி, மடத்துப் பாடத்திட்டமாகி, அச்சுநூலாகி, இறுதியில் ஒற்றைக் கேள்வியாகக் குறுகிய அந்த வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்த மரபில் அமைதி என்பது ஐயங்கள் தீர்ந்த பின் எஞ்சுவது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அதிகாரம் யாருக்கு?

வேதாந்தம் கற்க யாருக்குத் தகுதி உண்டு என்பதற்கு வடமொழி நூல்களில் இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று மனத் தகுதி. நிலையானது எது, நிலையற்றது எது என்னும் விவேகம், பற்றின்மை, சமம் தமம் முதலான ஆறு குணங்கள், விடுதலை வேட்கை ஆகிய நான்கும் சேர்ந்தது சாதன சதுஷ்டயம். இவற்றுள் சமம் என்பது மனம் அடங்கியிருத்தல். ஆக, அமைதியில் ஒரு பங்கை மாணவன் வரும்போதே கொண்டுவர வேண்டும்.

மற்றொன்று பிறப்பு. பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் 34 முதல் 38 வரையுள்ள சூத்திரங்கள், வேதத்தின் வழியே பிரம்ம வித்தை கற்கும் உரிமையைச் சூத்திரர்களுக்கு மறுக்கின்றன. சங்கரரின் பாஷ்யமும் அதை ஏற்கிறது. எனினும் இதிகாச புராணங்களின் வழியே அவர்கள் ஞானம் பெறத் தடையில்லை என்றும் அங்கேயே சொல்கிறது. வேதத்தைத் தொடாமல் அதன் முடிவை மட்டும் தாய்மொழியில் கற்பிக்கும் நூல்களுக்கு இங்கே இடம் கிடைத்தது.

தமிழில் அந்த இடம் எளிதாக வாய்த்துவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதத்தை மாயாவாதம் என்று எடுத்து மறுத்திருந்தார். சைவ சித்தாந்தம் வேரூன்றிய நிலத்தில், அத்வைதம் தன்னைத் தமிழ்ப் பாட்டு மரபுக்குள் பொருத்திக்கொண்டே வளர வேண்டியிருந்தது.

பாட்டு வடிவில் வேதாந்தம்

இந்தப் பொருத்தத்தைப் பெரிய அளவில் செய்தவர் தத்துவராயர். அவர் காலத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டு என்பர். அவரும் அவருடைய தாய்மாமன் சொரூபானந்தரும் குருவைத் தேடி இரு திசைகளில் புறப்பட்டதாகவும், யாருக்கு முதலில் குரு வாய்க்கிறாரோ அவரே மற்றவருக்குக் குரு என்று பேசிக்கொண்டதாகவும் மரபு சொல்கிறது. முதலில் குருவைக் கண்டவர் மாமன். மருமகன் அவருக்குச் சீடரானார்.

தத்துவராயரின் ‘பாடுதுறை’ தாலாட்டு, ஊசல், அம்மானை போன்ற வடிவங்களில் அத்வைதத்தைப் பாடியது. வீட்டிலும் விளையாட்டிலும் வழங்கிய மெட்டுகள் ‘நீ அதுவே’ போன்ற மகாவாக்கியங்களின் பொருளைச் சுமந்தன. தம் குருவின்மேல் அவர் பரணி பாடியதைப் பற்றி ஒரு கதை உண்டு. ரமணரும் அதை அன்பர்களிடம் சொல்வதுண்டு. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்கு உரியது பரணி. ஒரு துறவியின்மேல் அதைப் பாடலாமா என்று புலவர்கள் குறை சொன்னார்கள். தத்துவராயர் அவர்களைக் குருவிடம் அழைத்துப்போனார். குரு ஒன்றும் பேசவில்லை. வந்தவர்களும் பேச்சற்று உட்கார்ந்துவிட்டார்கள். நாட்கள் கழிந்து குரு மனம் அசைந்த பிறகே அவர்களுக்கு வாதம் நினைவுக்கு வந்தது. அகங்காரம் என்னும் மதயானையை அடக்கியவருக்குப் பரணி தகும் என்று ஒப்பிப் போனார்கள்.

வாதத்தை எதிர்வாதத்தால் வெல்லாமல், வாதம் எழும் இடத்தையே அடக்குவதுதான் இக்கதையின் கருத்து. ஆனால் அத்தகைய குருவின் முன்னால் உட்காரும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. அடுத்த கட்டத்தின் தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

கைவல்லிய நவநீதம்: ஐயமும் தெளிவும்

தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் அந்தத் தேவையை நிறைவு செய்தது. நாராயண தேசிகரைக் குருவாகக் கொண்ட இவரது நூல், பாயிரம் உட்பட 293 பாடல்களில், தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதற் படலம் என இரண்டாக அமைந்தது. துன்பத்தால் வெந்து வரும் சீடனுக்குக் குரு சொல்லும் விடைகளாகவே நூல் நடக்கிறது. தகுதியைப் பேசும்போது நான்கு சாதனங்களைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது; பிறப்பைக் கேட்பதில்லை.

வித்தியாரணியரின் பஞ்சதசியில் விரிவாக வரும் பத்தாமவன் கதையைக் கைவல்லியமும் எடுத்தாள்கிறது. ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் ஒருவன் மற்றவர்களை எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் கணக்கு ஒன்பதோடு நின்றுவிடுகிறது. ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ‘பத்தாமவன் இருக்கிறான்’ என்று முதலில் சொல்கிறான். பிறகு ‘நீதான் அவன்’ என்று காட்டுகிறான். அறியாமை, மறைப்பு, அழுகை, கேட்டறிவு, நேரறிவு, துயர நீக்கம், மகிழ்ச்சி என ஏழு நிலைகளை இக்கதையில் வைத்து நூல் விளக்குகிறது. அழுகையை நிறுத்த யாரும் மூச்சுப் பயிற்சி சொல்லித் தரவில்லை. எண்ணிக்கையில் நேர்ந்த பிழை விலகியதும் அழுகை தானாக நின்றது.

நூலின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. முதற் படலத்தின் முடிவிலேயே சீடன் ஆன்ம அனுபவத்தில் மூழ்கி எழுந்துவிடுகிறான். ஆனாலும் குரு அவனை விடவில்லை. அஞ்ஞானம், சந்தேகம், மாறாக உணரும் விபரீதம் ஆகிய மூன்றும் திரும்பிவந்து தெளிவைக் குலைக்கும் என்று எச்சரிக்கிறார். இரண்டாம் படலம் அதற்காகவே வருகிறது. ஞானம் வந்தபின், பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரப்த வினை எப்படி நிற்கும்? ஈசன் ஒருவனை உயர்த்தி ஒருவனைத் தாழ்த்தினால் அவன் பாரபட்சம் உள்ளவன் ஆகானா? இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் தொடர்கின்றன. அனுபவத்துக்கு 101 பாடல் போதுமானதாக இருந்தது. ஐயம் தீர 185 பாடல் வேண்டியிருந்தது.

கோவிலூர்: பாடத்திட்டமான ஞானம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காரைக்குடிக்கு அருகே கோவிலூரில் முத்துராமலிங்க ஞானதேசிகர் நிறுவிய வேதாந்த மடம், இந்நூல்களை முறையான படிப்பாக மாற்றியது. நகரத்தார் ஆதரவில் வளர்ந்த இம்மடத்தில் பதினாறு நூல்கள் வரிசையாகப் பாடம் சொல்லப்பட்டன. நானாசீவவாதக் கட்டளையில் தொடங்கும் அவ்வரிசையில் தத்துவராயரின் சசிவண்ண போதம், குமாரதேவரின் மகாராஜா துறவு, கைவல்லிய நவநீதம், வீரை ஆளவந்தாரின் ஞானவாசிட்டம் முதலியவை இடம்பெற்றன.

தத்துவங்களின் பட்டியலை முதலில் மனனம் செய்து, வைராக்கிய நூல்களால் மனத்தைப் பதப்படுத்தி, பிறகு ஆழமான விசாரத்துக்குள் போவது இப்படிப்பின் நடை. வடமொழி அறியாத, வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்ட பலர் இவ்வழியே வேதாந்தத்தில் தேர்ச்சி பெற்றார்கள். கோவிலூர்ப் பொன்னம்பல சுவாமிகள் கைவல்லியத்துக்கு எழுதிய உரை, மடத்தில் வாய்மொழியாக நடந்த பாடத்தை ஏட்டுக்குக் கொண்டுவந்தது.

இந்தியர்கள் அச்சகம் நடத்த இருந்த தடைகள் 1835இல் நீங்கியபின் மூலமும் உரையும் புத்தகங்களாயின. 1850களில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் கிரவுல் கைவல்லியத்தை மொழிபெயர்த்து லைப்சிக் நகரில் வெளியிட்டார். மடத்துக்குப் போகாதவர்களும் வேதாந்தம் படிக்கும் நிலை வந்தது. படித்த இடத்தில் ஐயம் எழுந்தால் கேட்க ஆசிரியர் பக்கத்தில் இல்லை என்பது இதன் மறுபக்கம்.

விரூபாட்சக் குகையில்

1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்த ரமணரிடம் வேதாந்த நூல்களைச் சேர்ப்பித்தவர் அவருக்குத் தொண்டு செய்த பழனிசாமி. மலையாளியான அவர் கைவல்லிய நவநீதம், வாசிட்டம் போன்ற தமிழ் நூல்களை இரவல் வாங்கி வந்து திக்கித் திணறிப் படிப்பார். அதைப் பார்த்த இளைஞர் தாமே வாங்கிப் படித்துச் சாரத்தை எடுத்துச் சொல்வார். தமக்கு முன்பே நேர்ந்ததை இந்நூல்கள் பெயரிட்டு ஆராய்வதை அப்போதுதான் கண்டதாக ரமணரே பின்னர் கூறியிருக்கிறார்.

தத்துவம் படித்த பட்டதாரியும் தென்னார்க்காடு வருவாய்த்துறை அலுவலருமான சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் திருவண்ணாமலையின் விரூபாட்சக் குகைக்கு வந்து கேட்ட கேள்விகளே ‘நான் யார்?’ நூலின் மூலம். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். நூல் 1923இல் அச்சேறியபோது, உடல் நானல்ல, பொறிகள் நானல்ல, பிராணன் நானல்ல என்று நீளும் விலக்கல் பட்டியல் தொடக்கத்தில் இருந்தது. அதைப் பிள்ளையே சேர்த்தார் என்பது ரமண அன்பர்களிடையே வழங்கும் செய்தி. அச்செய்தி சரியானால், குகையில் கிடைத்த சுருக்கமான விடையை, நூல் படித்த பிள்ளை தாம் பழகிய பாடமுறைக்குள் பொருத்தி வைத்தார் என்றே கொள்ள வேண்டும். 1927இல் அன்பரும் புலவருமான முருகனார் வேண்டுகோளால் ரமணர் இயற்றிய முப்பது பாடல்களும் உந்தியார் வடிவில் அமைந்தன. பழைய தமிழ் விளையாட்டுப் பாடல் வடிவம் மீண்டும் ஒருமுறை ஞானநூலானது.

முடிவுரை

இவ்வரலாற்றில் நுழைவு நிபந்தனைகள் படிப்படியாகக் குறைந்து வந்திருக்கின்றன. முதலில் வடமொழியும் பிறப்பும் விலகின. பின்னர் மடத்து வாசம் விலகியது. பதினாறு நூல்களின் வரிசையும் ஒரு கேள்விக்குள் அடங்கியது. குறையாமல் நின்றது ஐயம் தெளிதல் ஒன்றே. 1935 முதல் 1939 வரை ரமணாசிரமக் கூடத்தில் நடந்த உரையாடல்களை முனகால வெங்கடராமய்யா பதிவு செய்தார். அதில் அமைதி வேண்டி வந்தவர்களை, அமைதி இல்லாதது யாருக்கு என்ற கேள்விக்கே ரமணர் பெரும்பாலும் திருப்பினார். சலிப்பில்லாமல் வந்துகொண்டிருந்த கேள்விகளும் விடைகளும் கைவல்லியத்தின் இரண்டாம் படலத்தின் நேரடித் தொடர்ச்சி.

ஆகவே ‘நான் யார்?’ என்பதைக் காலையும் மாலையும் சில நிமிடம் உச்சரிக்கும் மன அமைதிப் பயிற்சியாகக் கொள்வது, அந்நூல் பிறந்த மரபுக்குப் பொருந்தாது. அங்கே சீடன் கேட்டான், மறுத்தான், மறுபடி கேட்டான். வாயடைத்த மாணவனுக்கும் தெளிந்த மாணவனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாண்டவராயர் அறிந்திருந்தார். அதனால்தான் அனுபவம் கைகூடிய சீடனையும் மறுபடி உட்காரவைத்துக் கேட்க விட்டார்.