சிசு இழப்புத் துயர் ஆதரவு (ஐக்கிய இராச்சியம்)

சிசு இழப்புத் துயர் ஆதரவு என்பது கருச்சிதைவு, இறந்து பிறப்பு, பிறந்த சில நாட்களில் நேரும் இறப்பு ஆகியவற்றால் குழந்தையை இழந்த குடும்பத்தாருக்கு அளிக்கப்படும் துணை ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இப்பணி வளர்ந்த வரலாற்றில், இறந்த குழந்தையைப் பெற்றோர் பார்க்கலாமா என்ற கேள்வி முதன்மையான இடம் பெறுகிறது.

பழைய வழக்கம்

இறந்து பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டாமலே எடுத்துச் செல்வது 1970கள் வரை பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. அடக்கத்தையும் பெரும்பாலும் மருத்துவமனையே கவனித்துக்கொண்டது. புதைத்த இடத்தைப் பல பெற்றோர் அறியார். விரைவில் மறப்பதே தாய்க்கு நல்லது என்று கருதப்பட்டது. ஆனால், இத்தகைய தாய்மாருக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர்களே அவர்களைப் பற்றி அறியவும் நினைவுகூரவும் தயங்கினர் என்பதை உளமருத்துவர் இசுட்டான்போர்டு போர்ன் 1968 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குழந்தையைப் பார்க்கவும் பெயரிடவும் அடக்கத்தில் பங்கேற்கவும் பெற்றோருக்கு உதவ வேண்டும் என 1970களில் இம்மானுவேல் லூயிசு எழுதினார். 1978 இல் குழந்தையை இழந்த பெற்றோர் சிலர் தொடங்கிய சங்கமே பின்னர் 'சாண்ட்சு' எனப் பெயர் பெற்றது.

கருத்து வேறுபாடு

இறந்த குழந்தையை ஏந்திய தாய்மாரிடம் அடுத்த கருப்பத்தின்போது மனச்சோர்வு மிகுதியாகக் காணப்பட்டதாக 2002 இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அது சிறிய ஆய்வே. எனினும், குழந்தையைப் பார்க்குமாறு தாய்மாரை வழமையாக ஊக்குவிக்கலாகாது என்று 2007 இல் 'நைசு' நிறுவனத்தின் வழிகாட்டி கூறியது. இதற்குப் பெற்றோர் அமைப்புகள் மறுப்புத் தெரிவித்தன. பின்வந்த திருத்தங்கள் முடிவைப் பெற்றோரிடமே விட்டன. காட்டாமல் மறைப்பதைப் போலவே, பார்க்கும்படி வற்புறுத்துவதும் தவறாகும்.

நடைமுறை

பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவர் குடும்பத்துக்குத் துணை நிற்கிறார். பிற குழந்தைகளின் அழுகுரல் கேட்காத தனி அறை தர முயல்கின்றனர். கை, கால் தடங்கள், ஒளிப்படம், ஒரு கற்றை முடி ஆகியவை நினைவுப் பெட்டியில் இடப்படுகின்றன. குளிரூட்டும் தொட்டில் இருந்தால் குழந்தையைச் சில நாட்கள் உடன் வைத்திருக்கலாம். இழப்புக்குப் பின்னும் தாய்க்குப் பால் சுரக்கக்கூடும்; இதை முன்னரே சொல்லாவிட்டால் வீடு திரும்பிய பின் அது பேரதிர்ச்சியாகும். "இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்" போன்ற ஆறுதல்கள் பெற்றோரைப் புண்படுத்துவதுண்டு. குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுவதைப் பலர் விரும்புகின்றனர். தந்தையின் துயரம் எளிதில் கவனிக்கப்படாமல் போகிறது.

சட்டம்

இங்கிலாந்திலும் வேல்சிலும் இறந்து பிறப்புகள் 1927 முதல் பதிவு செய்யப்படுகின்றன. இதற்கான வரம்பு 1992 இல் 28 வாரங்களிலிருந்து 24 வாரங்களாகக் குறைக்கப்பட்டது. இவ்வரம்பு வெறும் எண்ணன்று. பெரிய பிரித்தானியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இரண்டு வாரத் துயர் விடுப்பில், 24 வாரங்களுக்கு முந்திய இழப்புகள் சேர்க்கப்படவில்லை. அவ்வாறு இழந்தோருக்காக 2024 பெப்ரவரியில் இங்கிலாந்தில் சான்றிதழ் ஒன்று அறிமுகமானது. அதற்குச் சட்ட வலு இல்லை. விரும்பிக் கேட்பவருக்கு மட்டும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.