மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022

பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரட்டவும் மறுசுழற்சி செய்யவும் இந்திய ஒன்றிய அரசு 2022 ஆகஸ்டில் அறிவித்த விதிகள். இவற்றுக்கு முந்தைய 2001ஆம் ஆண்டு விதிகள் ஈய-அமில பேட்டரிகளை மட்டுமே கருத்தில் கொண்டன. இவையோ கைக்கடிகார செல் முதல் மின்வாகன பேட்டரி வரை அனைத்தையும் உள்ளடக்கும். திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் சாரும். தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்த வேண்டும். செலுத்திய பிறகும் அப்பொறுப்பு நீங்காது. பழைய பேட்டரிகளைப் புதைக்கவும் எரிக்கவும் தடை உண்டு.

கார் பேட்டரிக்குக் காயலான் கடையில் காசு கிடைப்பதால் அது எளிதில் திரும்பி வந்துவிடும். ஆனால் முறையற்ற பட்டறைகளில் அதன் தகடுகளை உருக்கும்போது எழும் ஈயப்புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. உண்மையான கேடு அதுதான். தீர்ந்துபோன ரிமோட் செல்லுக்கோ அங்கு விலையே இல்லாததால் அது குப்பையில் சேர்கிறது. வீட்டுக் குப்பையோடு கலக்காமல், சேகரிப்பு அல்லது மறுசுழற்சி அமைப்பிடம் அதை ஒப்படைப்பது நுகர்வோரின் கடமை என விதிகள் கூறுகின்றன.