காப்பீட்டின் விலையும் அரசு மருத்துவமனையும்: தமிழ்நாட்டு அனுபவத்தை முன்வைத்து

இந்தியாவில் மருத்துவச் செலவு பற்றிய விவாதம் நெடுங்காலமாக இரண்டு நிலைப்பாடுகளுக்கு இடையே ஊசலாடி வருகிறது. அரசே மருத்துவமனை கட்டி, மருத்துவரை நியமித்து, மருந்தும் தர வேண்டும் என்பது ஒன்று. 1946இல் வெளிவந்த ஜோசப் போர் குழு அறிக்கை இதன் தெளிவான வடிவம். பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பதை அது அடிப்படையாகக் கொண்டது. அரசு பிரீமியம் செலுத்தினால் போதும், எங்கே சிகிச்சை பெறுவது என்பதைக் குடும்பங்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்பது மற்றொன்று. 2007இல் ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீ, 2008இல் ஒன்றிய அரசின் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா எனத் தொடங்கிய இப்போக்கு, 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டமாக விரிந்தது.

இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அனுமானத்தை இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது. அரசுக் காப்பீட்டின் விலையைக் கட்டுக்குள் வைப்பதே வலிமையான அரசு மருத்துவமனைதான். அது தளரும் இடத்தில் காப்பீட்டுச் செலவு கைமீறும் என்பது இதன் வாதம். இரண்டையும் ஒருசேர நடத்திவரும் தமிழ்நாடு இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம்.

1. விலை எங்கே உருவாகிறது?

மருத்துவச் சந்தை பிற சந்தைகளைப் போன்றதன்று என்பதைப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். எந்தச் சிகிச்சை தேவை என்பதை விற்பவரே சொல்கிறார். வாங்குபவருக்கு அதைச் சரிபார்க்கும் அறிவும் இல்லை, அவகாசமும் இல்லை. காப்பீடு நுழைந்ததும் பணம் கட்டுபவர் மூன்றாமவராகிறார். அப்போது செலவைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை நோயாளிக்கும் குறைகிறது, மருத்துவமனைக்கும் குறைகிறது.

இதற்குத் தீர்வாக அரசுத் திட்டங்கள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் நிர்ணயிக்கின்றன. ஆனால் கட்டணத்தை அறிவிப்பது வேறு, அதைச் செல்லுபடியாக்குவது வேறு. கட்டுப்படியாகாத சிகிச்சைக்குப் படுக்கை இல்லை என்று சொல்லவும், ‘இது திட்டத்தில் வராது’ என்று தனியாகப் பணம் கேட்கவும் தனியார் மருத்துவமனையால் முடியும். அருகில் அதே அறுவை சிகிச்சையைச் செய்யக்கூடிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தால்தான் நோயாளி எழுந்து வெளியேற முடியும். அரசும் பேரத்தில் உறுதியாக நிற்க முடியும்.

2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி, பிரசவம் நீங்கலாக ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்வதற்கு அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும் தனியார் மருத்துவமனையில் 31,845 ரூபாயும் செலவாயின. இது நோயாளி தரப்பின் செலவு மட்டுமே. அரசு மருத்துவமனையை நடத்த வரிப்பணத்திலிருந்து ஆகும் செலவு இதில் சேரவில்லை. எனவே இவ்விரு எண்களைக் கொண்டு எது திறமையானது என்று தீர்ப்பளிக்க முடியாது. காப்பீடு ஈடுகட்ட வேண்டிய இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை மட்டும் இவை காட்டுகின்றன.

2. தமிழ்நாட்டின் இரு தடங்கள்

தமிழ்நாடு காப்பீட்டுக்கு வருவதற்கு முன்பே வழங்கல் அமைப்பைச் சீர்செய்திருந்தது. 1994இல் நிறுவப்பட்டு மறு ஆண்டு செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதில் முதன்மையானது. வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரில் மருந்து வாங்குவது, தொழில்நுட்பத் தகுதியையும் விலையையும் தனித்தனி உறைகளில் கேட்பது, ஆய்வகச் சோதனைக்குப் பின்னரே மருந்தை விநியோகிப்பது, மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஒவ்வொரு மருத்துவமனையும் தன் ஒதுக்கீட்டுப் பாஸ்புக்கைக் காட்டி எடுத்துக்கொள்வது என அமைந்தது அதன் நடைமுறை. பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இம்முறையைப் பின்பற்றின. அரசு ஒரே பெரிய வாங்குநராக நின்றால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிட அண்மையான சான்று தேவையில்லை.

இந்த அடித்தளத்தின்மீதே 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவின் வழியே நடந்தது. 2018இல் ஒன்றியத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தபின் குடும்பத்துக்கான ஆண்டு வரம்பு 5 லட்சம் ரூபாய் ஆயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, அரசு மருத்துவமனைகளும் திட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுக் காப்பீட்டுத் தொகையைக் கோரிப் பெறுகின்றன என்பது. பிரீமியமாக வெளியேறும் பொதுப்பணத்தில் ஒரு பங்கு அரசு அறுவை அரங்குக்கே திரும்புகிறது. தனியாருடன் ஒரே கட்டணப் பட்டியலின் கீழ் நிற்கும் அரசு மருத்துவமனை, அந்தக் கட்டணத்தில் சிகிச்சை தர இயலும் என்பதற்கு அன்றாட நிரூபணமாகிறது.

3. காப்பீடு தொடாத செலவு

இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் உள்நோயாளர் சிகிச்சையையே ஏற்கின்றன. குடும்பங்களின் பணமோ வெளிநோயாளர் சிகிச்சையிலும் மருந்துக் கடையிலும் மாதந்தோறும் கரைகிறது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரையை விலை தாளாமல் நிறுத்திவிடும் நோயாளி, சில ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதடைந்தோ மாரடைப்புக்கு உள்ளாகியோ திரும்பி வரக்கூடும். அப்போது டயாலிசிஸுக்கும் இதய அறுவை சிகிச்சைக்கும் காப்பீடு பணம் தரும். மாத்திரைக்கு மறுக்கப்பட்ட தொகை, பன்மடங்காகப் பெருகிக் கோரிக்கைப் பட்டியலில் ஏறும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலுக்குச் சென்று இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தரும் பணியை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் தானாக மேற்கொள்ளாது. பாலிசி ஓராண்டுக்கு, நோயின் விளைவோ பத்தாண்டு கழித்து. அவ்வளவு நீண்ட காலத்துக்குப் பொறுப்பேற்பது அரசு ஒன்றே.

4. எதிர்வாதங்கள்

அரசு மருத்துவமனைகளில் நெரிசலும் காலிப் பணியிடங்களும் அலைக்கழிப்பும் உள்ளன. காப்பீட்டு அட்டை ஏழைக்கு மரியாதையையும் தேர்வுரிமையையும் தருகிறது என்பது வலுவான எதிர்வாதம். இக்குறைகளை மறுக்க முடியாது. ஆயினும் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் விளக்கிய ஓர் உண்மை இங்குப் பொருந்தும்: வெளியேற வசதியுள்ளோர் வெளியேறியபின் ஒரு நிறுவனத்தில் குறைகளை உரத்துச் சொல்ல ஆளிருப்பதில்லை. நடுத்தர வர்க்கம் தனியார் பாலிசிக்கு நகர்ந்தபோது நிகழ்ந்தது இதுவே. இன்று அவ்வர்க்கமும் பிரீமிய உயர்வில் திணறுகிறது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதற்கு முன் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் ஆணையிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. இரண்டும் பாலிசியின் விலையைத் தொடுகின்றன. மருத்துவமனைக் கட்டணத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை.

தாய்லாந்து 2002 முதல் விலைக்கு வாங்கும் முறையிலேயே அனைவருக்கும் சிகிச்சை அளிக்கிறதே என்று கேட்கலாம். அங்கு வாங்கப்படும் சிகிச்சையின் பெரும்பகுதி மாவட்ட அரசு மருத்துவமனைகளுடையது. தலைக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீட்டு முறை எடுபட அதுவே காரணம். தனியார் வழங்கலையும் தனியார் காப்பீட்டையும் பெரிதும் நம்பிய அமெரிக்கா, உள்நாட்டு உற்பத்தியில் 17 விழுக்காட்டுக்கு மேல் செலவிட்டும் கோடிக்கணக்கானோரைக் காப்பீடின்றி விட்டுவைத்திருக்கிறது.

மேலும், விலைக்கு வாங்குவதற்கும் நிர்வாகத் திறன் வேண்டும். ஒன்றியத் திட்டத்தில் ஒரே கைபேசி எண்ணுடன் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் இணைக்கப்பட்டிருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. மருத்துவமனையை நடத்தத் திறனில்லாத அரசு, தனியாரிடம் சிகிச்சை வாங்குவதில் மட்டும் திறமை காட்டும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

5. முடிவுரை

தேசிய சுகாதாரக் கணக்கின்படி மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013–14இல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021–22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இது முன்னேற்றமே. ஆனால் அரசின் செலவு அவ்வாண்டு உள்நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு, 2025க்குள் 2.5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்றே 2017ஆம் ஆண்டுக் கொள்கை வகுத்திருந்தது. இனி கூடுதலாக வரும் ரூபாயை எங்கே இடுவது என்பதே கேள்வி.

மேற்கண்ட சான்றுகள் ஒரு வரிசையைச் சொல்கின்றன: முதலில் இலவச மருந்தும் ஆரம்ப சுகாதாரமும், அடுத்து மாவட்ட அரசு மருத்துவமனையில் உயர் சிகிச்சை, அதன் கொள்ளளவு போதாத இடத்தில் மட்டும் காப்பீட்டு வழியே தனியார். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் மாநிலம், தான் கைவிட்ட மருத்துவமனையின் விலையை ஆண்டுதோறும் ஏறும் பிரீமியமாகக் கட்டிக்கொண்டிருக்கும்.