எச்டிஆர் காணொளி: பிக்யூ – எச்எல்ஜி மாற்றம்

எச்டிஆர் காணொளியில் ஒளியை எண்ணாக்க இரண்டு முறைகள் உள்ளன. 2016-இல் வெளியான ஐடியுவின் பிடி.2100 பரிந்துரை இரண்டையும் ஏற்றது. டால்பி உருவாக்கிய பிக்யூ, ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை நிட் (ஒளிர்வின் அலகு) என்று அறுதியாகச் சொல்கிறது. அதன் உச்சம் 10,000 நிட். பிபிசியும் ஜப்பானின் என்எச்கேயும் உருவாக்கிய எச்எல்ஜி, காட்சியின் ஒளியில் இது எத்தனை பங்கு என்று மட்டும் சொல்கிறது. அந்தப் பங்கு எத்தனை நிட் ஆக வேண்டும் என்பதைத் தொலைக்காட்சித் திரையே முடிவு செய்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது வெறும் சூத்திர வேலை அல்ல என்பதற்கு இந்த வேறுபாடே காரணம். எந்தத் திரையை மனத்தில் வைத்து மாற்றுகிறோம் என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும்.

இரண்டுமே வளைகோடுகள்தானே, ஓர் அட்டவணை போதாதா என்று கேட்கலாம். போதாது. எச்எல்ஜியைத் திரையில் ஒளியாக்கும்போது ஒரு காமா அடுக்கு சேர்கிறது. 1,000 நிட் திரைக்கு அது 1.2, 2,000 நிட் திரைக்கு ஏறத்தாழ 1.33. திரையின் உச்சம் எவ்வளவு என்பது சமிக்ஞையில் இல்லாததால், அட்டவணை போடுபவர் அதை வெளியிலிருந்து தருகிறார். வழக்கமாக 1,000 நிட்டைப் பாலமாகக் கொள்வார்கள். அப்போது பிக்யூவில் 203 நிட்டாக உள்ள வெள்ளை, எச்எல்ஜியில் 75 விழுக்காட்டில் அமரும்; பிடி.2408 அறிக்கை சொல்லும் அளவும் அதுவே.

4,000 நிட்டில் முடித்த படத்தின் மினுக்கங்கள், அதாவது மிகப் பிரகாசமான பகுதிகள், இந்தப் பாலத்தில் நசுங்குமே, பாலத்தையே 4,000-க்கு உயர்த்தினால் என்ன? இது வலுவான ஆட்சேபம். ஆனால் கணக்குப் போட்டால் அதே வெள்ளை ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 1,000 நிட் திரையில் அது 85 நிட் அளவில்தான் தெரியும். மினுக்கத்தைக் காப்பாற்றப் போய் முகங்களை இருளில் தள்ளியதாகும். மனித முகங்களே பெரும்பாலான சட்டகங்களை நிரப்புவதால், உச்சியை மெல்ல வளைத்து 1,000-க்குள் அடக்குவதே மேல். ஆனால் அப்படி அடக்கியதைப் பழைய நிலைக்கு முழுமையாக மீட்க முடியாது. எச்எல்ஜியிலிருந்து பிக்யூவுக்குத் திரும்பினாலும் 1,000 நிட்டுக்கு மேல் இருந்த விவரம் திரும்பி வராது.