பெங்களூரு நகர மையம்: ஏரிகள் மேல் எழுந்த கட்டடங்கள்

பெங்களூரு நகர மையம் என்பது மெஜஸ்டிக், சிக்பேட்டை, கிருஷ்ணராஜேந்திரா சந்தை ஆகிய பழைய பேட்டைப் பகுதிகளையும், அவற்றுக்குக் கிழக்கே விதான சவுதாவிலிருந்து மகாத்மா காந்தி சாலை வரை நீளும் பகுதியையும் சேர்த்துக் குறிப்பதாகும். கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்தப் பகுதி பலமுறை இடித்துக் கட்டப்பட்டது. கட்டடம் எழுந்த இடங்களுள் பல முன்பு ஏரிகளாகவும் குளங்களாகவும் இருந்தவை. தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்நகரத்தின் கட்டுமான வரலாறு தருமபுரி மாவட்டத்தோடு இரண்டு வழிகளில் பிணைந்துள்ளது. அங்கே சுவர் எழுப்பிய கைகளில் இம்மாவட்டத்துக் கைகளும் உண்டு என்பது ஒன்று. அங்கிருந்து வழியும் நீர் இம்மாவட்டத்துக்கே வந்து சேருகிறது என்பது மற்றொன்று.

மேட்டில் அமைந்த ஊர்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரிய ஆறு எதுவும் நகரத்துக்குள் ஓடவில்லை. வடக்கிலிருந்து தெற்காக ஒரு மேட்டு முகடு நகரத்தின் ஊடே செல்கிறது. முகட்டுக்கு மேற்கே பெய்யும் மழை விருஷபாவதி ஓடையில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமா என்னுமிடத்தில் காவிரியைச் சேர்கிறது. கிழக்கே பெய்யும் மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையை அடைகிறது. காவிரி மேகதாட்டைக் கடந்து ஒகேனக்கல்லுக்கு வருகிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக இருமத்தூர்ப் பக்கம் வந்து, பின்னர் சாத்தனூர் அணைக்குப் போகிறது. பெங்களூரில் ஒரு வீட்டுக் கூரையின் இருபுறமும் வழியும் நீர், இரு வேறு ஆறுகள் வழியாகத் தருமபுரி மாவட்டத்தைத் தொடக்கூடும் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆறில்லாத ஊருக்கு ஏரியே உயிர். 1537ஆம் ஆண்டளவில் கெம்பே கவுடா மண்கோட்டை கட்டிப் பேட்டையை நிறுவியபோது ஏரிகளும் வெட்டப்பட்டன. நான்கு ஏர்களை நான்கு திசைகளில் ஓட்டித் தெருக்களை வகுத்தார் என்பது மக்கள் வழங்கும் கதை. தொட்டபேட்டையும் சிக்பேட்டையும் குறுக்காக வெட்டிக்கொள்ளும் சந்தி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. மேட்டில் இருக்கும் ஏரி நிரம்பினால் மறுகால் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். அவ்வாறு சங்கிலிபோல் கோக்கப்பட்டிருந்ததால் ஓர் ஏரியை அழிப்பது அந்த ஒன்றோடு நிற்பதில்லை.

பேட்டையும் தண்டும்

1791ஆம் ஆண்டு மார்ச் மாதம் காரன்வாலிசின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. 1809இல் ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே இடம் மாறியது. பேட்டைக்குக் கிழக்கே படைவீரர் குடியிருப்பு உருவானது. கன்னடத்தில் இதைத் தண்டு என்றனர். படையைக் குறிக்கும் இச்சொல் பழந்தமிழிலும் உண்டு. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் வந்தனர். கூலிகளும் கொத்தர்களும் வணிகர்களும் அல்சூரிலும், இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதியிலும் குடியேறினர். 1864இல் சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் இந்த வரவு பெருகியது.

அக்காலத்தில் தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதி. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை ரயில் வந்தது. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பகுதிகளிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூரு செல்வது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். இவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பேட்டை மைசூர் அரசின் கீழும், தண்டு ஆங்கிலேயர் கீழும் தனித்தனி ஆட்சியாக நெடுங்காலம் இருந்தன. 1949இல் இரண்டும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. இரண்டுக்கும் நடுவே கிடந்த ஏரிகளும் திடல்களும் அப்போது நகரின் நடுமையத்தில் அகப்பட்டுக்கொண்டன. நிலத்தின் விலை ஏறியது.

குழாய் வந்தது, குளம் போனது

1890களில் அர்க்காவதியின் மேல் உள்ள ஹெசரகட்டாவிலிருந்து குழாய்வழிக் குடிநீர் பெங்களூருக்கு வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் சேர்ந்தது. 1974இல் காவிரி நீரின் முதற்கட்டத் திட்டம் நிறைவேறியது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றிக் கொண்டுவரும் திட்டம் இது.

தண்ணீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும், அருகிலிருந்த ஏரியைத் தூர்வார வேண்டிய கட்டாயம் போயிற்று. 1898இல் கொள்ளைநோய் தாக்கியபின் தேங்கிய நீரைக் கண்டால் நகரத்தாருக்கு அச்சம். வரத்துக்கால்களைத் தெருக்கள் மறித்தன. ஏரிகள் ஒரே நாளில் அழிக்கப்படவில்லை. முதலில் கவனிப்பாரற்று வற்றின, பிறகு திடலாயின, திடலான பின்னரே கட்டடத்துக்கு இடம் என்று கணக்கில் எழுதப்பட்டன. இந்த வரிசையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தமிழகத்து ஊர்களில் ஏரிக்குள் பேருந்து நிலையமும் நீதிமன்றமும் வந்த கதைகளும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் நடந்தன.

தர்மாம்புதி

பெங்களூரில் பேருந்திலிருந்து இறங்கிய எவருக்கும் மெஜஸ்டிக் தெரியும். அப்பெயர் அங்கிருந்த ஒரு திரையரங்கின் பெயர். அந்தத் திரையரங்கு இப்போது இல்லை. மெஜஸ்டிக்கில் உள்ள கெம்பே கவுடா பேருந்து நிலையம் நிற்கும் இடம் தர்மாம்புதி என்னும் ஏரி. பேட்டைக்கு நீர் தந்த முதன்மையான ஏரிகளுள் ஒன்று அது. வற்றியபின் ஏரித்தரை திடலாகப் பயன்பட்டது. கூட்டங்களும் பொருட்காட்சிகளும் அங்கே நடந்தன. 1960களில் பேருந்து நிலையம் எழுந்தது. எதிரே ரயில் நிலையம், சுற்றிலும் விடுதிகள், கெம்பே கவுடா சாலையில் வரிசையாகத் திரையரங்குகள் என்று அந்த இடமே நகரின் வாசலானது.

அந்தத் திரையரங்குகளும் நிலைக்கவில்லை. 1968இல் பெருந்திரையோடு திறக்கப்பட்ட கபாலி திரையரங்கு அரை நூற்றாண்டுக்குள் இடிக்கப்பட்டது. பெரிய மழை பெய்தால் மெஜஸ்டிக்கைச் சுற்றியுள்ள தாழ்வான சாலைகளில் வெள்ளம் தேங்குவது மட்டும் மாறவில்லை. அந்தப் பள்ளத்தின் பழைய வேலையே நீரைத் தேக்குவதுதான்.

சம்பங்கி ஏரியும் கரகமும்

தர்மாம்புதியைவிடச் சுவையான வரலாறு சம்பங்கி ஏரியினுடையது. பேட்டைக்கும் தண்டுக்கும் நடுவே இருந்த இந்த ஏரி தண்டுக்குக் குடிநீர் தந்தது. கரையில் திகளர் என்னும் தோட்டக்காரச் சமூகத்தார் காய்கறியும் பூவும் பயிரிட்டனர். வன்னிகுல சத்திரியர் என்றும் அழைக்கப்படும் இவர்கள் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று கருதப்படுகிறது. அவர்கள் வீட்டு மொழியில் தமிழ் கலந்திருந்தது. செங்கல் அறுப்போருக்கு ஏரியின் களிமண் தேவைப்பட்டது. தண்டிலிருந்த அதிகாரிகளுக்கோ ஏரியின் ஒரு பகுதி போலோ ஆடும் திடல். தோட்டக்காரருக்கு நீர் நிற்க வேண்டும், ஆட்டக்காரருக்கு நீர் வடிய வேண்டும். இந்த இழுபறியை ஹிதா உண்ணிகிருஷ்ணன், ஹரிணி நாகேந்திரா முதலிய ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியுள்ளனர்.

யார் வென்றார் என்பதை அந்த இடமே சொல்லும். அங்கே இன்று ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஆனால் ஏரி முழுவதும் போய்விடவில்லை. ஒரு மூலையில் சிறு குளம் விடப்பட்டுள்ளது. அதற்குக் காரணம் கரகத் திருவிழா. திகளர்பேட்டையில் உள்ள தர்மராயர் கோயிலில் திரௌபதியைத் தெய்வமாகக் கொண்டு ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவையொட்டி நடைபெறும் இவ்விழாவின் சடங்குகளுக்குச் சம்பங்கி நீர் வேண்டும். தருமபுரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்தும் தீமிதியும் அறிந்தவருக்கு இந்த விழா அயலாகத் தோன்றாது. தோட்டக்காரரின் விண்ணப்பங்கள் காக்க முடியாத நீரில் ஒரு துளியை அவர்களின் வழிபாடு காத்துக்கொடுத்தது.

மற்றவை பட்டியலாகவே சொல்லத்தக்கன. சித்திகட்டே குளத்தின் மேல் 1920களில் கிருஷ்ணராஜேந்திரா சந்தை எழுந்தது. சூளை ஏரி கால்பந்து அரங்கமானது. அக்கிதிம்மனஹள்ளி ஏரி வளைகோல் பந்தாட்ட அரங்கமானது. நகர மையத்துக்குச் சற்று வெளியே சல்லகட்டா ஏரி கோல்ஃப் திடலானது. இத்தனை ஏரிகள் விளையாட்டுக்குப் போனது தற்செயலன்று. தட்டையான, உரிமை கேட்க ஆளில்லாத பெரிய நிலம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

கல்லும் காங்கிரீட்டும்

1951ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று விதான சவுதாவுக்கு நேரு அடிக்கல் நாட்டினார். முதலமைச்சர் கெங்கல் ஹனுமந்தையா முன்னின்று திட்டத்தை விரிவாக்கினார். 1956இல் கட்டடம் நிறைவுற்றது. அருகிலேயே கிடைத்த கருங்கல்லால் கட்டப்பட்ட இதன் பணியில் ஆயிரக்கணக்கான கூலியாட்களும் கல்தச்சர்களும் ஈடுபட்டனர். சிறைக் கைதிகளும் வேலை செய்தனர். எதிரே செந்நிறத்தில் நிற்கும் 19ஆம் நூற்றாண்டு அட்டாரா கச்சேரியைச் சிறிதாக்கிக் காட்டும் வகையில் அது எழுந்தது.

அடுத்த தலைமுறையில் கல்லின் இடத்தைக் காங்கிரீட் பிடித்தது. மகாத்மா காந்தி சாலையில் 1970களில் எழுந்த 25 மாடிப் பொதுப் பயன்பாட்டுக் கட்டடம் நெடுங்காலம் நகரின் அடையாளமாக இருந்தது. பின்னர் மெட்ரோ ரயில் வந்தது. மகாத்மா காந்தி சாலையின் நிழல் நடைபாதை எடுக்கப்பட்டது. 1936இல் திறந்த பிளாசா திரையரங்கின் இடத்தில் மெட்ரோ நிலையம் வந்தது. 2011 அக்டோபர் 20 அன்று அச்சாலையிலிருந்து பையப்பனஹள்ளி வரை முதல் ரயில் ஓடியது. மெஜஸ்டிக் வழியான சுரங்கப் பாதை 2016இல் திறக்கப்பட்டது. 2017இல் வடக்குத் தெற்குப் பாதையும் மெஜஸ்டிக்கில் வந்து சேர்ந்தது.

சுரங்கம் தோண்டுவது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. நகரத்தின் அடியில் கருங்கற்பாறையும் இளகிய மண்ணும் மாறி மாறி வந்ததால் துளையிடும் எந்திரங்கள் தேய்ந்து நின்றன, பணி பல மாதங்கள் தாமதமானது. அந்த எந்திரங்களுள் ஒன்றுக்குக் காவேரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முகடும் தீர்ப்பும்

நகரம் வளர வளர அதன் தண்ணீர் நீதிமன்றத்தின் வழக்காயிற்று. 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை நடைமுறைக்கு வந்தபோது, டிசம்பர் மாதம் பெங்களூரில் தமிழர் மீது வன்முறை நிகழ்ந்தது. குடும்பங்கள் ஓசூர் வழியாக எல்லை தாண்டி வந்தன. அன்று இரு மாவட்டங்களாகப் பிரியாத தருமபுரி மாவட்டமே அந்த எல்லை.

2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் நடுவர் மன்றம் பெங்களூரின் குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டபோது, நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரி வடிநிலத்துக்குள் இருப்பதாகக் கொண்டது. மேலே சொன்ன முகடுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வரம்பை ஏற்கவில்லை. முழு நகரத்துக்கும் குடிநீர் என்ற அடிப்படையில் கூடுதலாக 4.75 டி.எம்.சி. அளித்தது. தமிழ்நாட்டின் நிலத்தடி நீர் இருப்பையும் கணக்கில் எடுத்ததால், கர்நாடகம் திறந்துவிட வேண்டிய அளவு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. அளவு பார்க்கப்படும் இடம் ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே உள்ள பிலிகுண்டுலு.

வந்து சேரும் நீர்

பெங்களூரு பெறும் காவிரி நீரின் பெரும்பகுதி கழிவாக வெளியேறுகிறது. ஏரிகள் இருந்த காலத்தில் ஏரிகளே நீரைத் தேக்கித் தெளியவைத்தன. நகர மையத்தில் அவை போனபின் அச்சுமை முழுவதும் கீழே உள்ள ஏரிகளின் மேல் விழுந்தது. பெல்லந்தூர் ஏரியில் நுரை எழுந்து 2015இல் தீப்பிடித்ததும், 2018இல் மீண்டும் எரிந்ததும் உலகச் செய்தியாயின. அந்த நுரை ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலும் பலமுறை மலைபோல் குவிந்தது. அங்கிருந்து தென்பெண்ணை கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, பிறகு தருமபுரி மாவட்ட எல்லையைத் தொடுகிறது. மேற்கே விருஷபாவதி, பெயருக்கு ஓடையாகவும் உண்மையில் சாக்கடையாகவும் அர்க்காவதிக்குப் போகிறது.

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்கள் காவியேறுவதும், எலும்பும் மூட்டும் பாதிக்கப்படுவதும் பல ஊர்களில் இருந்துவந்த துன்பங்கள். இதைத் தீர்க்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரி 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் கட்டப்பட்ட திட்டம் 2013 மே 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்கு இன்று அந்த நீர் குழாயில் வருகிறது. சங்கமாவில் அர்க்காவதி கலந்தபின் வரும் காவிரியிலிருந்தே அது எடுக்கப்படுகிறது.